புறம்போக்கைப் பெருக்குவது யார்?

பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பதை முதுகலை மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். தொல்காப்பியம் காட்டையும் மலையையும் வயலையும் கடற்கரையையும் நான்கு தெய்வங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பாலைக்கு எதையும் ஒதுக்கவில்லை. பின்னால் வந்த இளங்கோ, முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தை எடுக்கும் என்றார். இதைச் சொல்லி முடித்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்படின்னா புறம்போக்கு எந்தத் திணைங்கம்மா?"

வகுப்பு சிரித்தது. அந்தச் சொல்லை வகுப்பறையில் கேட்டதும் வருகிற சிரிப்பு அது. உதவாதவன், ஊர் சுற்றுபவன், அப்பன் பெயர் தெரியாதவன் என்று எத்தனையோ வசவுகளை அந்த ஒரு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறோம். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த வாரம் அவருக்கு ஏரிப் புறம்போக்கில் வேலை. கையில் கொப்புளத்தோடு வந்த அம்மாவுக்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதாக, வகுப்பு முடிந்த பிறகு என்னிடம் சொன்னாள். அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நல்ல கேள்விம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் புரட்டினால் ஒரு கிராமத்தின் மொத்த நிலமும் அதில் இருக்கும். பட்டா நிலம் ஒருபுறம். இன்னொரு புறம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. புறம்போக்கிலும் எத்தனை வகை: ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், களம், தோப்பு, மயானம், பாதை. மந்தைவெளி என்றால் நமக்கு இப்போது சென்னையில் ஒரு பேருந்து நிறுத்தம். ஊர்மாடு கூடி நிற்கிற வெளி என்பது அதன் பொருள். இவை அனைத்தையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவது வரி. தீர்வை கட்டாத நிலம், ஆகவே கணக்குக்குப் புறத்தே போனது. ஊரே அதில் தண்ணீர் குடிக்கலாம், ஆடு மேய்க்கலாம், நெல் அடிக்கலாம், பிணம் எரிக்கலாம். அரசுக்குக் காசு தராத வரை அது புறம்போக்குதான்.

இந்தக் கணக்கு முறை பெண்களுக்குப் பழக்கமானது. "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லும் பிள்ளைகளை இன்றும் சேர்க்கை நேரத்தில் பார்க்கிறேன். 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சாலை விபத்தில் இறந்துபோன ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அருண் குமார் அகர்வால் வழக்கு என்று அதற்குப் பெயர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக் கைதிகள் ஆகியோரோடு ஒரே வரிசையில் பொருளாதாரப் பயனற்றோராக வைத்திருந்ததை நீதிபதி ஏ.கே. கங்குலி அதில் கண்டித்தார். அந்த வரிசையில் உள்ள மற்றவர்களை இழிவாக நினைக்க நமக்கும் உரிமையில்லை. அது தனிக் கட்டுரை. இங்கே நான் கவனிப்பது கணக்கை. சமைப்பது, பெருக்குவது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் நடந்தபடியே இருக்கும். ஆனால் கணக்கில் வராது.

அடுத்த ஆறு மாதத்தில், 2011 ஜனவரியில், அதே நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பஞ்சாப் மாநிலத்தின் பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கு, ஜக்பால் சிங் வழக்கு. பொது நிலங்களை நாட்டின் பல பகுதிகளில் எப்படியெல்லாம் அழைக்கிறார்கள் என்று சொல்லிவரும்போது அந்தத் தீர்ப்பு நம் மந்தைவெளியையும் புறம்போக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆக்கிரமிப்பை அகற்றி நிலங்களை ஊராட்சிகளிடம் திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. முக்கியமான தீர்ப்பு. ஆனால் மீட்ட குளத்தில் அடுத்த ஆண்டு யார் மண்வெட்டி பிடிப்பது, அவருக்கு யார் கூலி தருவது என்பது அந்த வழக்கின் கேள்வியாக இல்லை. அந்தக் கேள்வியை நம்முடைய பாட்டுகளும் கட்டுரைகளும்கூடக் கேட்கவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

2017இன் தொடக்கத்தில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா சென்னைத் தமிழிலேயே, கர்நாடக ராகங்களில் பாடியது. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சொல்ல வந்த அந்தப் பாட்டு, ஒரு வசவுச் சொல்லின் மேலிருந்த அழுக்கைத் துடைத்துக் கொடுத்தது. பல வகுப்புகளில் மாணவிகளுக்கு அதை ஒலிக்க விட்டிருக்கிறேன். நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: அந்தப் பாட்டின் கவலை, பொது நிலத்தை எடுத்துக்கொண்டவர்களைப் பற்றியது. அதைப் பேணுகிறவர்களைப் பற்றியது அல்ல. நம் சூழல் எழுத்தில் பெரும்பகுதிக்கும் இது பொருந்தும். பறித்தவனைக் காட்டும்போது எழுத்துக்கு வேகம் வந்துவிடுகிறது. பெருக்குகிறவளிடம் வரும்போது, அவளைத் தாயாக்கித் தெய்வமாக்கி ஒரு வரியில் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

பெண்ணும் இயற்கையும் ஒன்று, பெண் இயல்பாகவே மண்ணைக் காப்பவள் என்ற பேச்சின் ஆபத்து இங்கேதான். வந்தனா சிவாவின் 1988 நூலுக்குப் பிறகு இந்தப் பேச்சு நம் மேடைகளில் பரவலாயிற்று. 1992இல் பினா அகர்வால் அதற்கு எழுதிய மறுப்பை ஒவ்வொரு மாணவியும் படிக்க வேண்டும். பெண்ணுக்குக் காட்டோடும் குளத்தோடும் உள்ள உறவு அவளுடைய பிறப்பியல்பிலிருந்து வருவதல்ல. யாருக்கு நிலம் இருக்கிறது, யார் விறகு பொறுக்குகிறார்கள், யார் தண்ணீர் சுமக்கிறார்கள் என்ற வேலைப் பிரிவினையிலிருந்து வருவது என்றார். இயல்பு என்று சொல்லிவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை. வீட்டில் 'அன்பு' செய்கிற வேலையை ஊர்ப்பொதுவில் 'மண்பற்று' செய்துவிடுகிறது.

என் பாட்டிக்கு இரண்டு வெள்ளாடுகள் இருந்தன. செண்டு நிலம் இல்லை. ஆடுகளின் வயிறு மேய்க்காலில் நிறைந்தது. அடுப்பு ஓடைக்கரை முள்ளில் எரிந்தது. பண்ணைக்கீரையும் குப்பைமேனியும் ஏரிக்கரையிலிருந்து வந்தன. ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒதுங்கப் போனதும் அங்கேதான். மறைவுக்கு முள்புதர் வேண்டும். அதே புதர்தான் பயமும். இப்படி நிலமில்லாதவர்களின் வாழ்க்கை பொது நிலத்தில்தான் கால் ஊன்றியிருந்தது என்பதை, தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் 80க்கும் மேற்பட்ட வறண்ட கிராமங்களை ஆராய்ந்த என்.எஸ். ஜோதா 1986இல் எழுதிக் காட்டினார். ஏழைக் குடும்பங்களே பொது நிலத்தை அதிகம் நம்பியிருந்தன, அந்த நிலமோ சுருங்கிக்கொண்டே வந்தது என்பது அவர் கண்டது. பொது நிலம் கெட்டால் முதலில் நடை கூடுவது பெண்ணின் காலுக்கு. விறகுக்கு இன்னும் ஒரு மைல், தண்ணீருக்கு இன்னும் ஒரு மைல்.

"அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டது, அரசு தலையிட்டுத்தான் கெட்டது" என்று சொல்கிறவர்கள் உண்டு. குடிமராமத்து என்ற சொல் அவர்களுக்கு இனிக்கிறது. தமிழ் படித்தவள் என்ற முறையில் அந்தக் காலத்துக்கும் கொஞ்சம் போய்வருவோம்.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரை நாம் எல்லோரும் பாடம் நடத்துவது. மறுமையும் வெற்றியும் புகழும் வேண்டுமென்றால் நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்கு என்கிறார் புலவர். நீர்நிலை அமைப்பது ஆள்பவனின் கடமை என்று அவ்வளவு பழைய காலத்திலேயே ஒரு புலவர் அரசனிடம் நேரே கேட்டிருக்கிறார் என்பது பெரிய செய்தி. ஆனால் தேக்கியவனுக்குப் புகழ் உண்டு; தூர் வாரியவளுக்குப் பாட்டு இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் இன்றைய வழக்கமும் அந்த மரபின் தொடர்ச்சிதான்.

பேணுவதற்கான பணத்தைப் பற்றிப் பாட்டைவிடக் கல்வெட்டு தெளிவாகப் பேசுகிறது. ஏரியைப் பேணுவதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியில் மண் எடுக்க ஏற்பாடு செய்த கல்வெட்டுகளும் உண்டு. ஒருமுறை கொடுக்கிற காசில் ஏரி நிற்காது, ஆண்டுதோறும் வருகிற காசு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டை யார் நிர்வகித்தார்கள்? பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியைச் சொல்கின்றன: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு. பிராமண சபையின் நிலமுள்ள ஆண்கள். மண் சுமந்தவர்கள் அந்தத் தகுதிப் பட்டியலின் எந்த ஓரத்திலும் இல்லை.

குடிமராமத்தின் கதையும் அப்படியே. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முடிகிற தறுவாயில், 1858இல், சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே 'கட்டாய உழைப்பு' இருக்கிறது. பாசன வேலைகளில் வழக்கமாகச் செய்துவந்த உழைப்பைக் கட்டாயப்படுத்தி வாங்கச் சட்டம் துணை நின்றது. 'ஊர்கூடி' என்ற இனிய சொல்லுக்குள் இந்தக் கட்டாயமும் இருந்தது. சேரியிலிருந்து வந்து மடையைக் காத்த, மண்ணைச் சுமந்த உடல்களும் இருந்தன. 'ஊர்ப்பொது' என்று சொன்ன ஊரில் அந்தச் சேரி சேர்த்தி இல்லை. ஊர்க்கிணற்றில் கயிறு விட முடியாதவர்களும் ஏரிக்கரையை உயர்த்தினார்கள். நினைவேக்கத்தோடு குடிமராமத்தைப் பேசும்போது அந்த வரலாற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. ஏரிகளுக்குப் பணம் வந்தது நல்லதே. ஆனால் வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் கொடுத்தார்கள். செலவில் 10 விழுக்காட்டை அவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். ஆயக்கட்டுதாரர் என்றால் பாசன நிலத்தின் உரிமையாளர். நிலம் யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில், அண்ணன் பெயரில், கணவன் பெயரில். ஏரியில் தண்ணீர் மொள்ளுகிறவளுக்கும் துணி துவைக்கிறவளுக்கும் ஆடு குளிப்பாட்டுகிறவளுக்கும் அந்தச் சங்கத்தில் இடமில்லை. உத்தரமேரூரின் கால் வேலி ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மோடு வருகிறது.

இனி இன்றைய ஏரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்பார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம். நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில். நீர்ப்பிடிப்பில் சமூகக் காடாக வளர்த்த கருவேல மரம் வனத் துறையின் கணக்கில். மீன் குத்தகை இன்னொரு கணக்கில். மரம் விற்றாலும் மீன் ஏலம் போனாலும் பணம் வாங்க ஆள் இருக்கிறது. மதகு உடைந்தால் ஒரு துறை மற்றதைக் கை காட்டும். மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் உரிமை கொண்டாடுகிற வீட்டில் பாத்திரம் துலக்க மட்டும் ஒருத்தியைத் தேடுவது போல.

சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று அரசின் கையாலேயே பரப்பப்பட்ட மரம். இன்று ஏரி, ஓடை, மேய்க்கால் எதையும் விடாமல் மூடிக்கிடக்கிறது. அதை ஒழிக்க ஆணைகள் வருகின்றன, இயந்திரங்கள் வருகின்றன, படம் எடுக்கிறார்கள். ஆனால் அதன் குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: தூரோடு எடுக்காமல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும், ஆடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். அடுத்த மழைக்குக் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும், அதற்கடுத்த மழைக்கும் வேண்டும். ஒருமுறை செலவழிப்பதற்குப் பெயர் திட்டம். ஆண்டுதோறும் செலவழிப்பதற்குப் பெயர் பராமரிப்பு. முன்னதற்கு நிதி கிடைக்கிறது, பின்னதற்குக் கிடைப்பதில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்கக் கடன் கிடைக்கும், தினமும் சமைக்கிறவளுக்குச் சம்பளம் கிடைக்காது என்பது போலத்தான். வெட்டும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இராமநாதபுரத்துப் பக்கம் கரிமூட்டத்தையும் விறகையும் நம்பி வாழ்கிற பெண்களுக்கு அந்த முள்தான் சோறு. மாற்று வேலை இல்லாமல் மரத்தை மட்டும் எடுத்தால், நிலத்தை மீட்கிற பெயரில் அவர்களுடைய அடுப்பை அணைக்கிறோம்.

பொது நிலத்தில் நடக்கும் வேலைக்கு அரசு கூலி கொடுத்த பெரிய ஏற்பாடு, 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தால் வந்தது. மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்களே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை. அந்தச் சட்டத்தின் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்களில் ஒருவரை அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் மண் வெட்டுவதும் ஒரே மதிப்புள்ள வேலை என்று நம் நாட்டுச் சட்டம் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறது. எத்தனை வேலையிடங்களில் இது நடந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் எழுதி வைத்தது வீண் அல்ல.

இந்தப் பெண்களைத்தான் "மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள்" என்று பேருந்திலும் தேநீர்க் கடையிலும், ஏன், எங்கள் ஆசிரியர் அறையிலும் ஏளனம் செய்கிறார்கள். மே மாதத்து ஏரி வண்டலை ஒரு முறை மண்வெட்டியால் கொத்திப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இளைஞர்கள் நகரத்துக்குப் போன ஊரில், அறுபது வயதுப் பெண் கன அடிக் கணக்கில் மண் வெட்டுகிறாள். அளவு குறைந்தால் கூலி குறையும். இளைப்பாற உட்கார்ந்தால் அது செய்தி. கூட்டம் முடிந்து அலுவலகத்தில் நாம் தேநீர் குடிப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தத் திட்டத்தின் மீது எனக்கு உள்ள குறை வேறு. அது வறுமைக்கான நிவாரணமாகவே எண்ணப்பட்டது. நிலத்தைப் பேணும் தொழிலாக எண்ணப்படவில்லை. மனித நாட்களை எண்ணியது. நிலம் எப்படி இருக்கிறது என்று எண்ணவில்லை. பத்தாண்டாக ஒரே ஏரியில் இறங்கி, எந்த இடத்தில் கரை கசியும், எந்த வாய்க்கால் முதலில் தூரும் என்று அறிந்த பெண் ஒவ்வொரு ஆண்டும் 'திறன்சாரா' தொழிலாளியாகவே பதிவானாள். ஊராட்சிகளில் குப்பை அள்ளும் பெண்களுக்குத் தூய்மைக் காவலர் என்று பட்டம். கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் வைக்கத்தான் மனம் வரவில்லை. பட்டம் பெரிதாகும்போது நாம் கூலியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அரசுப் பணம் வந்தால் ஊழல் வரும், மக்களிடமே விட்டுவிடலாம் என்று சொல்வோர் எலினார் ஆஸ்ட்ரமைத் துணைக்கு அழைப்பார்கள். பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர். பொதுவில் விட்டால் பாழாகும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதியதற்கு, மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுச் சொத்தைக் காக்க முடியும் என்று சான்றுகளோடு பதில் சொன்னவர். அவரை முழுதாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். அவர் ஆராய்ந்த ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்களில் காவலுக்கு ஆள் அமர்த்திக் கூலி கொடுத்தார்கள். விதியை மக்கள் வகுக்கலாம். விதியைக் காப்பதும் வாய்க்காலைக் காப்பதும் ஒருவரின் பகற்பொழுதைத் தின்கிற வேலை. அந்தப் பொழுதுக்கு விலை கொடுக்காத 'மக்கள் பங்கேற்பு', நேரமும் நிலமும் உள்ளவர்களின் அதிகாரமாகவும் மற்றவர்களின் வெட்டியாகவும் முடியும். ஊழலுக்கு மருந்து கிராம சபையில் கணக்கைப் படிப்பது. பணத்தையே நிறுத்துவது அல்ல.

எனவே நான் கேட்பது எளியது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பொது நிலத்தைப் பேண ஆண்டுதோறும் தவறாமல் வரும் நிதி வேண்டும். புயலுக்கும் தேர்தலுக்கும் பிறகு மட்டும் வருவது போதாது. அதிலிருந்து ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் நிலையான வேலைகள் வேண்டும். மதகு பார்ப்பவர், கரை பார்ப்பவர், முளைத்த முள்ளைப் பிடுங்குபவர், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்று. இதுவரை கூலியில்லாமலும் அரைக்கூலிக்கும் அதைச் செய்த நிலமற்ற பெண்களுக்கு, தலித் பெண்களுக்கு, அந்த வேலையில் முதல் உரிமை; வேலையை மேற்பார்க்கும் பதவியிலும் உரிமை. முள்ளும் மண்ணும் மட்டும் அவர்களுக்கு என்றால் அது பழைய குடிமராமத்தே. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் தந்த மாநிலம் இது. கையில் பணமில்லாத தலைவி, சாவி இல்லாத வீட்டுக்கு எஜமானி.

இது நடக்காத கனவு என்று எனக்குத் தோன்றவில்லை. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத் தொகை என்றது. தொகை சிறியது, விடுபட்டவர்கள் உண்டு. ஆனாலும் வீட்டுக்குள் கணக்கில் வராமல் நடந்த உழைப்புக்கு அரசு ஒரு தலைப்பு திறந்தது. வாசலைத் தாண்டி, களத்திலும் கரையிலும் மேய்க்காலிலும் நடக்கும் அதே உழைப்புக்கு இன்னொரு தலைப்பு திறக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்வேன். புறம்போக்கு எந்தத் திணையாகவும் இருக்கலாம், அம்மா. பேண ஆளும் கூலியும் இருந்தால் ஏரிப் புறம்போக்கு மருதம், மேய்க்கால் முல்லை. கைவிட்டால் எல்லாம் பாலை. எது பாலையாகிறது, எது முல்லையாகவே நிற்கிறது என்பதில் வெயிலுக்கு ஒரு பங்கு உண்டு. வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. உன் அம்மாவின் கையில் இருந்த கொப்புளம் அதன் ஒரு பக்கம். அதையும் சேர்த்துப் படிக்கிற ஒரு நிலவியலை நாம் இனிமேல்தான் எழுத வேண்டும்.